ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு வயிறு

பையை மிதிச்சுப்போடாதீங்க தம்பி. காலைக் கொஞ்சம் அக்கட்டால வெச்சுக்குங்க. ஒடையற சாமானம் ஒண்ணுமில்லீங்க, துணிதான். துணின்னா மிதிக்கலாமுங்களா? மேல வெச்சா கண்டக்டரு எடுத்து எங்கியோ சொருவறாரு. மடியில வெச்சா வேட்டி நனையுது. ஈரத் துணிங்க. சித்தெ காத்துப் படட்டும்னுதான் உங்ககிட்ட சன்னலோரம் கேட்டேன், நீங்க குடுக்கல. பரவால்லீங்க. உங்க மேல கோவமில்ல. எனக்கு இன்னைக்கு எல்லார்த்து மேலயும் கோவம், அதுல நீங்களும் ஒராளு, அவ்வளவுதான்.

தாராபுரம் போறேனுங்க. மகளைக் குடுத்த ஊரு. எங்கூட்டுக்காரி தெய்வாத்தா அங்க போயி நாப்பது நாளாச்சு. கூட்டியாரப் போறேன். வேற எதுக்கும் இல்லீங்க, அவளைக் கூட்டியாரத்தான். ஊட்டுல குட்டி போட்ட குதிரை நிக்குது. கொள்ளு ஊறவெக்கறது, லத்தி அள்ளறது, மூணு நேரம் தண்ணி காட்டறது, இதெல்லாம் அவதானுங்க பாத்துட்டிருந்தா. மீதியெல்லாம் நாந்தான். ஒராளா எத்தனை பாக்கறதுங்க? இப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரரை உட்டுப்போட்டு வந்திருக்கறேன். அவருக்குக் குதிரைக்கும் எருமைக்கும் வித்தியாசம் தெரியாது.

பவளம்னு பேருங்க. செவலை. நாலு வருசத்துக்கு முன்னால அந்தியூர் நோம்பிச் சந்தையில புடிச்சேன். வண்டிக்குப் பூட்டறதில்ல. பந்தயத்துக்கு உடறதில்ல. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஏத்தக் கேட்டாங்க, அதுக்கும் குடுக்கறதில்ல. அப்பறம் எதுக்குத்தான் இதுன்னு தெய்வாத்தா கேப்பா. நீ கோயலுக்கு எதுக்குப் போறேன்னு நான் ஒரு நாளாச்சும் கேட்டிருக்கறனா? குதிரைன்னா அது ஒரு இதுங்க. குதிரை இருப்பறியும்னு ஒரு சொலவடை சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க. மேல உக்காந்திருக்கறவன் யாரு, எப்படிப்பட்டவன்னு உக்கார்ற தோதுலயே அதுக்குத் தெரிஞ்சுபோயிருமாம். மீதிப் பாதி என்னமோ பொண்டாட்டி கதைங்க. அது நமக்கு வேண்டாம்.

ரெண்டு தடவ பொலிக்கு உட்டும் செனை நிக்கல. மூணாவது தடவ, இந்த வாட்டி உட்டா இப்படிக் குதிரைக்குத்தான் உடோணும்னு ரோசனை பண்ணி ஊரு ஊராப் போயிப் பொலிக்குதிரை பாத்தேன். ஒண்ணு நல்ல ஒசரம், ஆனா முதுகுல சுழி. ஒண்ணுக்குக் காலுல சுழி. சுழின்னா தெரியுமுங்களா? நம்ம உச்சந்தலையில மயிரு சுத்திக்கிட்டு நிக்குதல்ல, அதாட்டந்தான். குதிரைக்கு அது நிக்கற எடத்தை வெச்சுத்தான் ராசி சொல்றது. கடேசில சத்தியமங்கலத்துக்கு மேக்க கெம்பண்ணன்னு ஒருத்தருகிட்ட ஒரு குதிரை இருந்துது. வால்ல இருந்து நெத்தி வரைக்கும் தடவித் தடவிப் பாத்தேன், ஒரு கெட்ட சுழி இல்லீங்க. எம்மகளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்பக்கூட இத்தனை பாக்கலைன்னு தெய்வாத்தா சொன்னா. பாக்கலதான். மாப்பிள்ளைக்குச் சட்டையைக் கழட்டியா பாக்க முடியும்?

பவளத்தை அங்க கொண்டுபோயி உட்டு, ஒரு வாரம் நானும் அங்கயே கெடந்தேன். செனை நின்னுருச்சு. அன்னைக்கிருந்து காலண்டர்ல ஒவ்வொரு நாளும் அடிச்சுட்டு வந்தேன். குதிரைக்குப் பதினோரு மாசமுங்க. நாலு மாசம் கழிச்சு மக ஜீவிதா போன் பண்ணுனா, அப்பா நானும் முழுகாம இருக்கறேன்னு. நானும்னு அவளேதான் சொன்னா. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க. மொதல்ல வயித்துல வாங்குனது பவளம். ஆஸ்பத்திரியில டோக்கன் போட்டா மொதல்ல வந்தவங்களைத்தானே மொதல்ல கூப்புடுவாங்க? நாஞ் சொல்றதுல தப்பிருந்தாச் சொல்லுங்க.

குதிரைக் கொட்டாயை ஒழுங்கு பண்றதுக்கே ஒரு மாசம் ஆச்சுங்க. தரையைக் கொத்தி மண்ணு மாத்துனேன். செவுத்துல ஆணி, கொக்கி ஒண்ணு உடாமப் புடுங்குனேன், பொறக்கற குட்டி எந்திரிக்கறப்ப தடுமாறி இடிச்சுக்குமல்ல? வைக்கோலை ஒரு தூசி இல்லாம ஒதறி ஒதறி மொழங்கால் ஒசரம் போட்டேன். ஜீவிதா ரூம்பு பேனைக் கழட்டி அங்க மாட்டுனேன். சும்மா சுத்தாமக் கெடந்த பேனுதானுங்களே? அதுக்கே எங்கூட்டுக்காரி மூஞ்சியைத் தூக்கிக்கிட்டா. பேரப்புள்ளைக்குன்னு கொடையாட்ட விரியற கொசுவலை ஒண்ணு வாங்கி வெச்சிருந்தா. அதை வெட்டிக் கொட்டாய்ச் சன்னலுக்கு அடிச்சேன். வேற வலை வாங்கிக்கலாம் புள்ளேன்னேன். அன்னைக்கிருந்து பீரோச் சாவியை இடுப்புல சொருவிக்கிட்டா. இத்தனை வருசம் குடித்தனம் பண்ணுன மனுசனைத் திருடனாட்டப் பாத்தா எப்படீங்க?

இப்ப நெசமான வெவகாரத்துக்கு வர்றேன். கட்டுச்சோறு.

நீங்க எந்தப் பக்கமுங்க? கரூருங்களா, அப்பத் தெரியும். தலைப்பிரசவம் பொறந்த ஊட்டுலதான் பாக்கோணும். நெறமாசத்துல நாம பல தினுசுச் சோறு கட்டிக்கிட்டு மக ஊட்டுக்குப் போயி, வளையல் போட்டு, ஒறம்பரை சனத்துக்கெல்லாம் விருந்து வெச்சு, வரும்போது புள்ளையைக் கையோட கூட்டியாரோணும். அதான் சாங்கியம். எல்லாஞ் செஞ்சேனுங்க! ஏழு தினுசுச் சோறு. புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காச்சோறு, எனக்குப் பேரு வரல, ஏழு. வேன் வெச்சு நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போனேன். பவளத்துக்கு அப்ப முன்னூத்திப் பன்னெண்டாம் நாளு. அதை உட்டுப்போட்டு ஒரு பகல் முழுக்க வெளிய இருந்தேன்னா, எம்மக மேல எவ்வளவு பாசம் இருக்கோணும்?

சாப்பிட்டு முடிஞ்சுது. ஜீவிதா பச்சைப் பட்டுக் கட்டி, ரெண்டு கையும் வளையலா, பொட்டியெல்லாம் கட்டி வாசப்படிகிட்ட வெச்சுட்டு உக்காந்திருந்தா. நான் எந்திரிச்சு மரியாதையாத்தானுங்க சொன்னேன். "மாப்ள, கோவிச்சுக்காதீங்க. புள்ளை இன்னொரு மாசம் இங்கயே இருக்கட்டும். எங்கூட்டுல பவளம் நெறமாசமா இருக்குது. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு வயிறு ஆகாதும்பாங்க. அது பெத்தெந்திரிச்ச மறுநாளே நானே வந்து கூட்டிக்கறேன்"னேன்.

ஆகாதுங்க தம்பி. உங்களுக்குத் தெரியாது. ஒரே ஊட்டுல ரெண்டு பேரு உண்டாகி இருந்தா, ஒருத்தரைத் தள்ளித்தான் வெப்பாங்க. ஒண்ணு நல்லபடியா எறங்குனா இன்னொண்ணுக்குச் சங்கட்டம். எங்கப்பன் காலத்துல இருந்து சொல்றது.

சம்மந்தியம்மா பொறுமையான மனுசி, அவங்கதான் கேட்டாங்க. "பவளம்னா யாருங்க? உங்களுக்கு ஒரே புள்ளைதானுங்களே?"

"குதிரைங்க"ன்னேன்.

யாரோ களுக்குனு சிரிச்சாங்க. அப்பறம் பூராவும் சிரிச்சுது, வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கிட்டு. நான் சிரிக்கலைன்னதும் ஒவ்வொருத்தரா நிறுத்துனாங்க. தெய்வாத்தா என்ர கையைப் புடிச்சு, "ஏனுங்க, அது மனுசருக்குச் சொல்றதுங்க, மாட்டுக்குங் குதிரைக்குமா சொல்றது"ங்கறா, நாப்பது பேரு முன்னால! வயிறுன்னா வயிறுதானுங்களே? அதுல மனுச வயிறு, குதிரை வயிறுன்னு எங்க எழுதி வெச்சிருக்குது? "உம்மகளுக்கு மாமியா ஊடு இருக்குது. பவளத்துக்கு எங்க இருக்குது? அதை எங்க கொண்டுபோயி உடறது?"ன்னு கேட்டேன். நாயமாக் கேட்டா எல்லாரும் வாயை மூடிக்கறாங்க.

மாப்பிள்ளை எந்திரிச்சு வாசப்படிகிட்ட இருந்த பொட்டியை எடுத்து உள்ள கொண்டுபோயி வெச்சாரு. எம்மக ஜீவிதாதான், அவ தங்கமுங்க, அவ மட்டுந்தான் என்னைப் புரிஞ்சு பேசுனா. "சரிங்கப்பா. பவளம் மொதல்ல பெத்துக்கட்டும். முடிஞ்சதும் சொல்லியனுப்புங்க, அப்பறமா நான் பெத்துக்கறேன்"னா. எவ்வளவு பொறுப்பான புள்ளை பாத்தீங்களா? சொல்லறப்ப கண்ணுல தண்ணி. பொறந்த ஊட்டுமேல அத்தனை பாசம். இத்தனை பேருல பெத்த புள்ளைக்குத்தான் என்ர கஷ்டம் தெரிஞ்சுதுன்னு எனக்கு மனசு நெறைஞ்சுபோச்சு.

நீங்க ஏனுங்க வெளிய பாக்கறீங்க?

ஊட்டுக்கு வந்து ரெண்டு நாளு தெய்வாத்தா பீரோவைத் தொறந்து துணி மடிச்சுக்கிட்டே இருந்தா. மூணாம் நாளு காலையில பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. "எங்க போற?"ன்னேன். "எம்மகளுக்கு ஆத்தா ஊடு இல்லாட்டிப் போகுது, ஆத்தா இருக்கறேன்"னா. அதோட உட்டாளா? "குதிரை கீழ தள்ளுனதுமில்லாமக் குழியும் பறிச்ச கதையால்ல பண்ணிப்போட்டீங்க"ன்னா. எனக்கு வந்துது பாருங்க கோவம்! எந்தக் குதிரைங்க குழி பறிக்குது? கீழ தள்ளும், ஒத்துக்கறேன், உக்காரத் தெரியாதவனைத் தள்ளும். குழியை அது எதுல பறிக்கும்? கொளம்புலயா? பொண்டாட்டி கோவிச்சுட்டுப் போறதுகூடப் பொறுத்துக்கலாம். வாயில்லாச் சீவன் மேல பழி போட்டுட்டுப் போறாளே, அதைப் பொறுக்க முடியுமுங்களா?

ஒத்தையாளா நின்னேனுங்க. முன்னூத்தி முப்பதாம் நாளு மடி எறங்குச்சு. முப்பத்தஞ்சுல காம்பு நுனியில மெழுகாட்டக் கட்டுச்சு. இன்னைக்கா நாளைக்கான்னு முன்னாலயே கட்டலைப் போட்டு உக்காந்திருந்தேன். மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பாத்துட்டு, "நீங்க இப்படி மொகத்துக்கு நேரா உக்காந்திருந்தா அது போடாது, அடக்கிக்கிட்டே இருக்கும், எந்திரிச்சுப் போங்க"ன்னாங்க. சின்ன வயசு அம்மா. அவங்களுக்கென்ன தெரியும்? பேச்சோட பேச்சா, மகளை ஏன் தள்ளி வெச்சேன்னு சொன்னேன். ஊசியை எடுத்துப் பையில போட்டுக்கிட்டே, "பொண்ணுக்கு எந்தத் தேதி சொல்லியிருக்காங்க?"ன்னாங்க. அதெல்லாம் சம்மந்தி ஊட்டுல பாத்துக்குவாங்கன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தாங்க. குதிரையைப் பாக்கறதுக்குத்தானே சம்பளம், என்னை எதுக்குப் பாக்கறாங்க?

மறுநா போன் வந்துது. தெய்வாத்தாதான். நான் எப்படியிருக்கறேன், பவளம் எப்படியிருக்குது, ஒண்ணுங் கேக்கல. "பீரோவுல அடித்தட்டுல பழஞ்சேலை அஞ்சு மடிச்சு வெச்சிருக்கறேன். சாவி சாமி படத்துக்குப் பின்னால இருக்குது. யார்கிட்டயாவது குடுத்து உடுங்க, புள்ளைக்கு வேணும்"னா. பொறக்கற கொழந்தைக்குப் புதுத்துணி ஆகாதல்ல, நைஞ்ச சேலையிலதானே சுத்துவாங்க, தூளி கட்டுவாங்க. அஞ்சுல ஒண்ணு மாம்பழக் கலரு சின்னாளபட்டிச் சேலை. ஜீவிதாவுக்கே அதுலதான் தூளி கட்டுனோம். சரீன்னேன். பீரோவைத் தொறந்து எடுத்தாந்து கொட்டாய் முன்னால கெடந்த கட்டல்மேல வெச்சேன். குடுத்துடத்தான் இருந்தேன். ஆளு கெடைக்கோணுமல்லங்க? நாளைக்கு, நாளைக்குன்னு அஞ்சு நாளு போயிருச்சு.

முன்னூத்தி நாப்பத்தாறாம் நாளு. ராத்திரி பூரா கண்ணு முழிச்சுட்டு, காலையில மூஞ்சி கழுவலாம்னு தொட்டிக்குப் போனேன். கா மணி நேரம் இருக்குமுங்க. திரும்பி வந்தா பவளம் படுத்திருக்குது, குட்டிக்குத் தலையும் முன்னங்காலும் வந்தாச்சு. பதினோரு மாசம் பக்கத்துலயே இருந்தேன், அந்தக் கா மணி நேரம் எம்மூஞ்சியைப் பாக்காம இருக்கோணும்னு பாத்துக்கிட்டுப் போட்டிருக்குது! அது மேலயும் கோவந்தானுங்க. ஆனா பாத்தவொடன ஒண்ணும் தோணல. குட்டி பூரா சவ்வும் ஈரமுமா நடுங்குது. பவளம் களைச்சுப் படுத்துக் கெடக்குது, நக்கிக் குடுக்க எந்திரிக்கல. தொடைக்கோணும். கையில துணி இல்ல.

கட்டல்மேல இருந்துது.

பழஞ்சேலைதானுங்களே? அந்த நேரத்துல யாருங்க ரோசனை பண்ணுவாங்க? ஒண்ணுல மூக்கைத் தொடைச்சேன், ஒண்ணுல ஒடம்பை. நாலு சேலை போயிருச்சு. அஞ்சாவதைக் குட்டித் தலைக்கு அடியில வெச்சேன். அப்பத்தான் போன் அடிக்குது. கையெல்லாம் ரத்தமும் தண்ணியுமா எடுத்தேன். தெய்வாத்தா கொரலே வேறாட்ட இருந்துது. "ஏனுங்க, பொறந்துருச்சுங்க"ன்னா.

"இங்கயும் பொறந்துருச்சு புள்ளே! பொட்டைக்குட்டி! நாலு காலும் வெள்ளை, நெத்தியில வெள்ளை, பஞ்சகல்யாணி!"ன்னு கத்துனேன்.

கட் பண்ணிப்போட்டா. திரும்பக் கூப்புட்டேன், எடுக்கல. பாருங்க தம்பி, நாலு வருசமா அவ கையால கொள்ளுத் தின்ன குதிரை. நல்லபடியாப் போட்டுதா, நஞ்சுக்கொடி உழுந்துதா, ஒரு வார்த்தை கேட்டாளா? அத்தனை கல் நெஞ்சு.

இதுல பொலிக்குதிரைக்காரரு கெம்பண்ணன் வேற. குட்டியைப் பாக்கறேன்னு வந்தாரு, எடது கண்ணுக்கு அடியில தடவிப் பாத்துட்டு, சுழி இருக்குதுன்னாரு. அங்க சுழி இருந்தா அந்த ஊட்டுல அழுகை நிக்காதாம். பால் மறந்ததும் தாட்டி உட்டுருங்கன்னாரு. வந்த கோவத்துல, எந்திரிங்க மொதல்லன்னு சொல்லிப்போட்டேன். சுழியாவது மண்ணாவது! மயிரு எங்க சுத்துனா என்னுங்க? அந்தக் காலத்துல எவனோ வேலையத்தவன் சொன்னதைப் புடிச்சுக்கிட்டு ஒரு பச்சைப்புள்ளையை ஊட்டை உட்டுத் தொரத்தறதா?

என்னுங்க? ரெண்டு வயிறுங்களா? அது வேறீங்க. அது சாங்கியம். நீங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பறீங்க.

சிரிக்காதீங்க தம்பி.

என்ன கேட்டீங்க, பேரனா பேத்தியாங்களா?

தாராபுரம் இன்னும் எவ்வளவு நேரமுங்க? இந்த டிரைவரு உருட்டறதைப் பாத்தா பொழுது உழுந்துரும் போல.

தெரியாதுங்க. அதுக்கேன் அப்படி மொறைக்கறீங்க? சொன்னாத்தானுங்க தெரியும்! அவ பொறந்துருச்சுன்னா, நான் இங்கயும்னேன், கட் பண்ணிப்போட்டா. கேக்கறதுக்கு நேரம் குடுத்தாளா? மறுநா கேக்கலாம்னு நெனச்சேன். மறுநா என்னன்னு கேக்கறது, பேரனா பேத்தியான்னு நேத்து ஏன் கேக்கலைன்னு கேப்பாளே? ஒம்போது நாளாச்சு. டீக்கடையில, பேரனாங்கன்னு கேக்கறாங்க. ஆமாங்கறேன். இன்னொருத்தரு பேத்தியாங்கன்னா, அதுக்கும் ஆமாங்கறேன். பவளம் கதையைக் கேளுங்க, சொல்றேன். குட்டி உழுந்தது காலையில ஒம்போது இருவத்தஞ்சு. எந்திரிச்சு நின்னது பத்து அஞ்சு. மொதல் பாலு குடிச்சது பத்தே முக்கா. நஞ்சு உழுந்தது பதினொண்ணு. எல்லாந் தெரியும். நிமிசக் கணக்காத் தெரியும். அந்தப் புள்ளை காலையில பொறந்துதா, முந்துன நாளே பொறந்துதா, எம்மக நல்லாயிருக்குதா, ஆப்பரேசனா என்னன்னு...

போன்ல சொல்லோணுமல்லங்க ஒருத்தராவது? நாந்தான் கேக்கோணுமா எல்லாத்தையும்?

எனக்கும் கோவம் வருமுங்க.

அந்தப் பையை எடுங்க. காலுகிட்ட இருக்குதல்ல, அதான். அஞ்சு சேலையில நாலு ஒண்ணுக்கும் ஆகாமப் போச்சு, பொதைச்சுப்போட்டேன். இது ஒண்ணுதான் மிச்சம், மாம்பழக் கலரு. அலசி அலசி மூணு தடவ தொவச்சேனுங்க, சோப்புப் போட்டு ரெண்டு தடவ, பூந்திக்கொட்டை போட்டு ஒரு தடவ. என்ர கையாலதான். இதுக்கு முன்னால நான் ஒரு துண்டு தொவச்சதில்ல. காலையில மறுக்கா ஒருதாட்டி அலசுனேன், அதான் காயல. கறை போயிருச்சு, பாத்தீங்களா? ஆனா எனக்கு மூக்கு செத்துப்போச்சு, குதிரைகிட்டயே கெடக்கறவனுக்கு வாசம் எப்படித் தெரியும்? வெளியாளுக்குத்தான் தெரியும்.

கொஞ்சம் மோந்து பாருங்க தம்பி. குதிரை வாசம் அடிக்குதுங்களா? எம்மக இதைக் கையில வாங்குனா மொதல்ல மோந்துதான் பாப்பா. அடிச்சா அடிக்குதுன்னு சொல்லிருங்க, அடுத்த நிறுத்தத்துலயே நான் எறங்கிக்கறேன்.

நல்லா மோந்து பாத்துச் சொல்லுங்க. ஏனுங்க, எந்திரிச்சுச் சன்னலோரத்தை எனக்கு உடறீங்க?